ஆங்கிலச் சொல்வளம்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்களும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மா அப்பாமாரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. இலக்கணப் புத்தகத்தின் வரிசையில் இல்லை, அவர்கள் கேட்கும் வரிசையில் இருக்கின்றன.

எனக்கு ஆங்கிலச் சொல்லே தெரியாது. எங்கே தொடங்குவது?

தெரியாது என்பதை நான் நம்புவதில்லை. காலையில் எழும்பி வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை ஆங்கிலச் சொல் வாயில் வருகிறது என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். அலாரம், பிரஷ், கேஸ், லேட், பஸ் ஹோல்ட், டிராஃபிக், லீவ், மீட்டிங், சைன், டென்ஷன், கென்சல், அட்ஜஸ்ட். சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன வேலை என்பதுதான் தெரியாமல் இருக்கிறது.

இதற்குத் தமிழின் வசதிதான் காரணம். ஆங்கிலச் சொல் ஒன்றைத் தமிழுக்குள் எடுக்கும்போது அது பெயரா வினையா என்று நாம் பார்ப்பதில்லை. பின்னால் ஒரு 'பண்ணு' அல்லது 'ஆகு' போட்டால் வாக்கியம் ஓடிவிடும். 'ஒபரேஷன் சக்ஸஸ் ஆகிட்டுது', 'சேஃப்டியா போயிட்டு வாங்கோ', 'எனக்கு ஒரே டென்ஷனா இருக்கு', 'இதில ஒரு சைன் வையுங்கோ'. தமிழாக இவற்றில் ஒரு குறையும் இல்லை. அப்படியே ஆங்கில வாக்கியத்துக்குள் தூக்கி வைக்கும்போதுதான் இடறுகிறது.

'சக்ஸஸ்' பெயர்ச்சொல். அதனால் 'தி ஒபரேஷன் வாஸ் சக்ஸஸ்' என்று சொல்ல முடியாது. பெயராகவே வைக்க வேண்டுமானால் முன்னால் 'எ' வர வேண்டும், இல்லாவிட்டால் பெயரடையான 'சக்ஸஸ்ஃபுல்' வேண்டும். வினை வேண்டுமென்றால் 'சக்சீட்'. 'சேஃப்டி' பெயர், 'சேஃப்' பெயரடை, 'சேஃப்லி' வினையடை. பத்திரமாகப் போய் வரச் சொல்ல மூன்றாவதுதான் பொருந்தும். 'டென்ஷன்' பெயர், ஆளைச் சொல்ல 'டென்ஸ்'. 'சைன்' இன்னும் வேடிக்கை. நாம் 'சைன் வைக்கிறோம்', அதாவது அதைப் பெயராக ஆக்கிவிட்டோம். ஆங்கிலத்தில் கையொப்பமிடும் செயல்தான் 'சைன்', கையொப்பத்துக்குப் பெயர் 'சிக்னேச்சர்'. 'புட் யுவர் சைன் ஹியர்' என்று கேட்டால் வெளிநாட்டுக்காரர் ஏதோ பலகை வைக்கச் சொல்கிறார்களோ என்று முழிக்கக்கூடும்.

ஆகவே முதல் சில வாரங்களுக்குப் புதுச் சொல் எதுவும் வேண்டாம். தமிழ் கதைக்கும்போது தானாக வரும் ஆங்கிலச் சொற்களை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் எந்த வகை என்று அகராதியைப் பார்த்துப் பக்கத்தில் குறியுங்கள். பாதிக்கு மேல் நீங்கள் நினைத்த வகையாக இருக்காது.

பொருள் தெரிந்தால் போதாதா? பெயர்ச்சொல், வினைச்சொல் என்றெல்லாம் எதற்கு?

பொருள் சரியாகத் தெரிந்திருந்தும் வாக்கியம் பிழைத்துப்போவதால்தான். தமிழில் வினையாக இருப்பது ஆங்கிலத்திலும் வினையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 'பசிக்கிறது' வினை, ஆனால் 'ஹங்ரி' பெயரடை. அதனால் 'ஐ ஹங்ரி' நிற்காது, நடுவில் 'ஆம்' வேண்டும். 'பயப்படுகிறேன்' வினை, 'அஃப்ரெய்ட்' பெயரடை. அதற்கும் 'ஆம்' வேண்டும், பின்னால் 'ஒஃப்' வேண்டும்.

இதைப் பழகியவர்கள் அப்புறம் எல்லா இடத்திலும் 'ஆம்' போடத் தொடங்குவார்கள். அப்போது 'ஐ ஆம் அக்ரீ' வரும். 'அக்ரீ' வினை, அதற்கு 'ஆம்' தேவையில்லை. கொப்பியைத் திறந்து பார்த்தால் 'அக்ரீ: சம்மதம்' என்று இருக்கும். பிழை அந்த வரியிலேயே தொடங்கிவிட்டது. 'அக்ரீ, வினை: சம்மதிப்பது' என்று எழுதியிருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும். ஒரு சொல்லின் பொருளைத் தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தில் அது எந்த வகையோ அந்த வகையிலேயே தமிழையும் எழுதுங்கள். வினைக்கு 'மறுப்பது', பெயருக்கு 'மறுப்பு', பெயரடைக்கு 'அழகான', வினையடைக்கு 'அழகாக'.

ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை எழுதப் போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுத்திலும் பேச்சிலும் நான்கு அளவுகோல்களுக்குச் சம மதிப்பெண், அதில் ஒன்று சொல்வளம். பெரிய சொல் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சொல்லின் வடிவத்தைப் பிழையாக ஆக்குவதையும் அந்த அளவுகோலிலேயே பார்க்கிறார்கள். பிழையான வடிவத்தில் வந்த பெரிய சொல்லைவிடச் சரியான வடிவத்தில் வந்த சின்னச் சொல் மேல் என்பது என் கட்சி.

ஆங்கிலச் சொல்லின் எட்டு வகையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். பெயர், வினை, பெயரடை, வினையடை என்ற நான்கோடு தொடங்குங்கள். உண்மையில் புதிதாக வளர்வது இந்த நான்கும்தான். மற்றவை, அதாவது 'ஷீ' போன்ற மறுபெயர்கள், 'இன்', 'அட்' போன்ற முன்னிடைச் சொற்கள், 'பட்' போன்ற இணைப்புச் சொற்கள், 'அய்யோ' மாதிரி வியப்புச் சொற்கள், எண்ணிக்கையில் கொஞ்சம்தான். படிக்கப் படிக்க அவை தாமாகவே கைக்கு வரும். சில புத்தகங்கள் 'எ', 'தி' போன்றவற்றைத் தனியாகப் பிரித்து ஒன்பது என்று சொல்வதுண்டு. அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை.

தமிழ் படித்தவருக்கு இது புது வித்தையும் இல்லை. தொல்காப்பியமே சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என்று பிரித்துத்தான் பேசுகிறது. அழகு, அழகான, அழகாக என்ற மூன்றும் 'பியூட்டி', 'பியூட்டிஃபுல்', 'பியூட்டிஃபுலி' என்று அச்சாக ஆங்கிலத்தில் உட்கார்ந்துவிடும்.

ஆனால் 'ஆக' வரும் இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'லி' ஒட்டக்கூடாது. 'வேகமாக' என்பதற்கு 'ஃபாஸ்ட்'தான், 'ஃபாஸ்ட்லி' என்று ஒரு சொல் வழக்கில் இல்லை. 'நன்றாக' என்பதற்கு 'வெல்'. 'ஃப்ரெண்ட்லி' வினையடை மாதிரி ஒலித்தாலும் பெயரடைதான். எல்லாவற்றிலும் ஆபத்தானது 'ஹார்ட்லி'. 'கடினமாக உழைத்தேன்' என்று சொல்ல நினைத்து நேர்முகத் தேர்வில் 'ஐ ஹார்ட்லி வொர்க்ட்' என்றால், 'நான் வேலை செய்ததே அபூர்வம்' என்று அர்த்தம். எதிரே இருப்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். 'லேட்', 'லேட்லி' இரண்டுக்கும் இதே கதை. இரண்டாவதற்கு 'அண்மைக் காலமாக' என்று பொருள்.

ஒரு சொல் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாலைப் பாருங்கள், அப்புறம் இடத்தைப் பாருங்கள். 'ஷன்', 'மென்ட்', 'நெஸ்', 'இட்டி' என்று முடிந்தால் பெரும்பாலும் பெயர். 'ஃபுல்', 'லெஸ்', 'அஸ்', 'ஏபிள்', 'இவ்' என்று முடிந்தால் பெரும்பாலும் பெயரடை. 'ஐஸ்', 'ஃபை' என்று முடிபவை வினைப் பக்கம். பெரும்பாலும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வால் காட்டிக்கொடுக்காத இடத்தில் வாக்கியத்தில் அது எங்கே நிற்கிறது என்பதே கதி. இதற்கு என் வகுப்பில் பாடப்புத்தகத்தை எடுப்பதில்லை, இருமல் பாணிப் போத்தலை எடுப்பேன். அதில் 'ஷேக் வெல் பிஃபோர் யூஸ்' என்று இருக்கும். நான்கு சொல், நான்கு வகை. 'ஷேக்' குலுக்கச் சொல்லும் வினை. எப்படிக் குலுக்குவது என்று சொல்லும் 'வெல்' வினையடை. அந்த இடத்தில் 'குட்' போட்டால் பிழை. 'பிஃபோர்' முன்னிடைச் சொல். கடைசியில் நிற்கும் 'யூஸ்' பலருக்கு வினையாகத் தெரியும், ஆனால் முன்னிடைச் சொல்லுக்குப் பின்னால் நிற்பதால் இங்கே அது பெயர். 'பாவிப்பதற்கு முன்' என்று தமிழில் சொல்கிறோமே, அந்தப் 'பாவிப்பது'தான்.

அதே சொல் உச்சரிப்பிலும் மாறும். பெயராக வரும்போது கடைசியில் காற்று மட்டும் வெளியே வரும், வினையாக வரும்போது வண்டு ரீங்காரம் போடுகிற மாதிரித் தொண்டை அதிர வேண்டும். தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரித்தான் எழுத முடிகிறது. அதனால் காதால் கேட்டுப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் வருவது இன்னும் எத்தனை இருக்கிறது?

நூற்றுக்கணக்கில். சில, எழுத்தில் மாறாமல் அழுத்தத்தில் மட்டும் மாறும். 'ரெக்கோர்ட்' பெயராக இருந்தால் முன் அசையில் அழுத்தம், வினையாக இருந்தால் பின் அசையில். 'இம்போர்ட்', 'பெர்மிட்', 'ப்ரெசென்ட்' இவற்றுக்கும் அப்படியே. நாம் இலங்கையில் பின்பற்றும் பிரித்தானிய எழுத்துமுறையில் 'லைசென்ஸ்', 'ப்ராக்டிஸ்' என்ற இரண்டும் பெயராக வந்தால் கடைசியில் 'சி' எழுத்து, வினையாக வந்தால் 'எஸ்'. சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருப்பது 'சி'. 'அட்வைஸ்' எந்த நாட்டு எழுத்துமுறையிலும் இப்படித்தான் பிரியும்.

சொற்குடும்பம் என்கிறார்களே, அது என்ன?

ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். வங்கியிலோ வேலைக்கோ ஒரு படிவம் நிரப்பும்போது 'அப்ளை' என்ற வேரை மட்டும் தேடிப் பாருங்கள். தலைப்பில் 'அப்ளிகேஷன்', அது விண்ணப்பம். பெயர் எழுதும் இடத்தில் 'அப்ளிகன்ட்', அது விண்ணப்பிக்கிறவர், அதாவது நீங்கள். ஏதோ ஒரு மூலையில் 'நொட் அப்ளிகபிள்', அதாவது உங்களுக்குப் பொருந்தாது. ஒரே தாளில் ஒரு குடும்பமே இருக்கிறது. அரச அலுவலகப் படிவங்கள் பல மூன்று மொழியிலும் இருப்பதால் பக்கத்திலேயே தமிழும் கிடைக்கும். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அதன் நடைமுறை பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனாலும் மொழி படிக்கிறவருக்கு அந்தப் படிவம் காசு கேட்காத பாடப்புத்தகம். சில இடங்களில் தமிழில் இருக்கும் எழுத்துப்பிழையைத் திருத்துவதும் கூடுதல் பயிற்சி.

வேலைக்குப் போடும் சுயவிவரத்தின் அடியில் உறவினர் அல்லாத இரண்டு 'ரெஃபரீ' பெயர் கேட்பார்கள். 'ரெஃபர்' வினை. அதோடு 'ஈ' சேர்ந்தால் செயலை ஏற்கிறவர், 'அர்' சேர்ந்தால் செய்கிறவர் என்பது பொது வழக்கு. வேலை கொடுப்பவர் 'எம்ப்ளோயர்', வேலை பெறுபவர் 'எம்ப்ளோயீ'. பழக்குபவர் 'ட்ரெய்னர்', பழகுபவர் 'ட்ரெய்னீ'. காசோலையில் 'பேயீ' என்ற இடத்தில் காசு வாங்கப்போகிறவர் பெயர்தான் வரவேண்டும்.

எத்தனை சொல் தெரிந்தால் போதும்?

எதற்குப் போதும் என்பதைப் பொறுத்தது. மைக்கல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள்தான். அன்றாட ஆங்கிலத்தின் பெரும்பகுதியை அவை சுமக்கின்றன. பல்கலைக்கழகப் பாடநூல் படிக்க வேண்டுமென்றால் ஆவெரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் தொகுத்த 570 சொற்குடும்பங்களை மேலே சேர்க்கலாம். நாவலும் பத்திரிகையும் யாருடைய உதவியும் இல்லாமல் வாசிக்க 8,000 முதல் 9,000 குடும்பங்கள் தேவை என்று சொல்வள ஆய்வாளர் போல் நேஷன் 2006இல் கணக்குச் சொன்னார்.

இந்த எண்களைக் கண்டு பயந்துவிட வேண்டாம். கணக்கு குடும்பத்துக்குத்தான், தனித்தனிச் சொல்லுக்கு இல்லை. 'அப்ளை' குடும்பம் முழுக்க ஒன்று என்றே எண்ணப்படும். ஆனால் அதில் ஒரு சொல்லை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் குடும்பம் தெரியும் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஆங்கிலம் தமிழ் அகராதி நல்லதா, ஆங்கிலம் ஆங்கிலம் நல்லதா?

இரண்டும் வேண்டும். முதல் சந்திப்புக்குத் தமிழ் அகராதி, பழகுவதற்கு ஆங்கில அகராதி. ஆனால் ஆங்கிலேயருக்காக எழுதிய தடித்த அகராதியை வாங்காதீர்கள். கற்போருக்கான அகராதி என்று தனி வகை இருக்கிறது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹோர்ன்பி தன் குழுவோடு தொகுத்த அகராதி 1942இல் அங்கேதான் முதலில் வெளிவந்தது. ஒக்ஸ்ஃபோர்ட் 1948இல் அதை எடுத்துக்கொண்டது. அதாவது ஆங்கிலத்தை வெளியிலிருந்து பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்காகவே செய்த பொருள் அது. 1978இல் வந்த லோங்மன் அகராதி, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களை மட்டும் வைத்து எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதியது. ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லோங்மன் மூன்றும் இப்போது இணையத்தில் இலவசம். உச்சரிப்பையும் கேட்கலாம்.

அகராதியைத் திறந்ததும் பொருளுக்கு ஓடாதீர்கள். சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி எழுத்துகளைப் பாருங்கள். 'என்' என்றால் பெயர், 'வி' வினை. பெயராக இருந்தால் 'சி' அல்லது 'யூ' என்று இன்னொரு எழுத்து இருக்கும், எண்ணக்கூடியதா இல்லையா என்று. தளபாடங்கள், தகவல்கள், ஆலோசனைகள், உபகரணங்கள் என்று நாம் பன்மையில் சொல்லிப் பழகியவர்கள். அதனால் 'ஃபர்னிச்சர்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று வாயில் வருகிறது. கடைப் பெயர்ப்பலகைகளில்கூட வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'யூ' இருக்கும். பன்மை கிடையாது.

பொருளுக்கு வந்தால், முதல் இரண்டு மூன்றோடு நில்லுங்கள். 'ரன்' என்ற வினைக்கு மட்டும் ஒக்ஸ்ஃபோர்ட் பேரகராதியில் 600க்கு மேற்பட்ட பொருள். அதைப் படித்து முடித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

படிக்கிறேன், மறந்துபோகிறது. என்ன செய்வது?

எல்லோருக்கும் மறக்கும். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்கஹவுஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885இல் எழுதியது அதைத்தான்: படித்த உடனே மறதி மிக வேகம், பிறகு மெதுவாகும். எனவே ஒரே இரவில் ஐம்பது சொல் விழுங்குவதைவிட, இன்று பார்த்ததை நாளை, அப்புறம் மூன்று நாள் கழித்து, அப்புறம் ஒரு வாரம் கழித்துப் பார்ப்பது உதவும். செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய அட்டைப்பெட்டி முறை இதுதான். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்கு, தவறியது முதல் பெட்டிக்கு. புறக்கோட்டையில் வாங்கிய வெற்று அட்டையும் பழைய சப்பாத்துப் பெட்டியும் போதும். செல்பேசிதான் வேண்டும் என்றால் 'அங்கி' என்ற செயலி இருக்கிறது.

அட்டையின் பின்பக்கம் பொருளை மட்டும் எழுதாதீர்கள். வகை, கூட வரும் முன்னிடைச் சொல், உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் மூன்றும் இருக்கட்டும். 'டிபென்ட்' என்று எழுதினால் 'ஒன்' அதோடு ஒட்டியே இருக்க வேண்டும். 'டிஸ்கஸ்' என்று எழுதினால் 'அபவுட்' வராது என்று அடிக்கோடு போடுங்கள்.

ஆங்கிலப் படம் பார்த்தால் சொல் கூடுமா?

காது பழகும். சொல் கூட வேண்டும் என்றால் வாசிக்க வேண்டும். தமிழ்ப் பத்திரிகையில் காலையில் வாசித்த அதே செய்தியை ஆங்கிலப் பத்திரிகையில் தேடி வாசியுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் சொல்லில் கவனம் போகும்.

என் மகளுக்கு ஏழு வயது. பெயர்ச்சொல், வினைச்சொல் இப்போதே சொல்லிக்கொடுக்கட்டா?

பெயர் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அம்மா. கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுங்கள். 'ஹேப்பி' என்று அவள் சொன்னால் 'யெஸ், ஷீ இஸ் ஹேப்பி' என்று முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லுங்கள். இலக்கணப் பெயர்கள் ஐந்தாம் ஆறாம் வகுப்பில் தாமாக வந்து சேரும்.

பிழை விட்டால் சிரிக்கிறார்களே?

சிரிப்பார்கள். சிங்கள நண்பர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்று சொல்வார்கள், வாள் என்று அர்த்தம். வெட்டத்தான் பயன்படுகிறது என்ற கசப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது, அது தமிழருக்கும் புதிதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பவரைப் பொருட்படுத்தாதீர்கள். சொல்லின் வகையைத் திருத்துகிறவர் கிடைத்தால் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுங்கள்.

'ஷோர்ட் ஈட்ஸ்', 'பைஹார்ட் பண்ணு' எல்லாம் பிழையான ஆங்கிலமா?

'ஷோர்ட் ஈட்ஸ்' இலங்கை ஆங்கிலம். கட்லட்டும் ரோல்ஸும் தட்டில் வரும் நாட்டில் அதற்கு ஒரு சொல் வேண்டும்தானே. இங்கே தாராளமாக எழுதலாம், லண்டனுக்கு எழுதும்போது 'ஸ்நாக்ஸ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். காரின் 'டிக்கி' அங்கே 'பூட்'. 'பைஹார்ட்' கொஞ்சம் வேறு மாதிரி. 'பை ஹார்ட்' என்பது இரண்டு சொல் சேர்ந்து வினையடையாக வருவது, அதை நாம் வினையாக்கிவிட்டோம். பரீட்சைத் தாளில் 'லேர்ன் பை ஹார்ட்' என்றோ 'மெமரைஸ்' என்றோ எழுதுங்கள். வீட்டில் பிள்ளையிடம் 'பைஹார்ட் பண்ணு' என்று சொல்வதை யாரும் தடுக்கப்போவதில்லை.